அழகர் ஆற்றில் இறங்கும் காட்சி ஏன் கட்டம் கட்டமாக உடைகிறது? எடிட்டர்களுக்கான வீடியோ சுருக்க விளக்கம்

சித்திரைத் திருவிழாவைப் படம்பிடித்து யூடியூப்பில் ஏற்றுபவர்களைத் தொடர்ந்து குழப்பும் ஒரு விஷயம் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தைக் கீழிருந்து மேலாக மெதுவாகக் காட்டும் காட்சியில் சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகின்றன. அதே கேமராவில், அதே அமைப்புகளுடன், கள்ளழகர் வைகையில் எழுந்தருளும்போது எடுத்த காட்சியிலோ, பக்தர்கள் தோல்பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சும் சில நிமிடங்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து, முகங்களில் நுணுக்கம் அழிந்து காணப்படுகின்றன. கேமராத் திரையில் நன்றாக இருந்த காட்சி கைப்பேசித் திரைக்கு வருவதற்குள் கெட்டுவிடுவதால், பழி சில நேரம் கேமராவின் மீதும், சில நேரம் எடிட்டிங் மென்பொருளின் மீதும், பெரும்பாலும் எடிட்டரின் மீதும் விழுகிறது.

காரணம் வீடியோ சுருக்கப்படும் முறையிலேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் இந்த ஒரு கேள்விக்கு மட்டுமன்றி, டைம்லைன் திணறுவது, ஹார்ட் டிஸ்க் நிரம்புவது, வாடிக்கையாளர் வீட்டு டிவியில் படம் ஓடாமல் போவது போன்ற அன்றாடச் சிக்கல்களுக்கும் விடை கிடைக்கும். பதிவு செய்வதற்கும், எடிட் செய்வதற்கும், கையில் கொடுப்பதற்கும் ஒரே வடிவக் கோப்பு பொருந்தாது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

சுருக்காத வீடியோவின் எடை

வீடியோ என்பது ஃபிரேம் எனப்படும் தனிப் படங்களின் வரிசை. முழு எச்டி ஃபிரேம் ஒன்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என மொத்தம் 20,73,600 புள்ளிகள் (பிக்சல்கள்) உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் தலா ஒரு பைட் தேவை என்று கொண்டால், ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 6.2 எம்பி ஆகிறது. நொடிக்கு 25 ஃபிரேம்கள் என்றால் 155.5 எம்பி, ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 560 ஜிபி. 4கே வீடியோவில் புள்ளிகள் நான்கு மடங்கு என்பதால் ஒரு மணி நேரமே 2.2 டிபியைத் தாண்டும். முகூர்த்தமும் வரவேற்பும் சேர்த்து ஆறு மணி நேரம் மூன்று கேமராக்களில் எடுத்தால் 40 டிபி வரும். ஒரே ஒரு திருமணத்துக்கு இத்தனை சேமிப்பிடத்தை எந்த ஸ்டூடியோவாலும் ஒதுக்க முடியாது.

ஆனால் நடைமுறையில் நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்யும் கேமராவுக்கு ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபியே போதுமாக இருக்கிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 100 மெகாபிட் என்பது 12.5 எம்பி; அதை 3600 நொடிகளால் பெருக்கினால் இந்தக் கணக்கு கிடைக்கும். ஒரு நொடி வீடியோவுக்குச் செலவிடப்படும் பிட்களின் எண்ணிக்கைக்குப் பிட்ரேட் என்று பெயர்.

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியிருக்கிறது. கோப்பின் அளவைத் தீர்மானிப்பவை பிட்ரேட்டும் நேரமும் மட்டுமே. ரெசல்யூஷனோ (ஃபிரேமின் புள்ளி எண்ணிக்கையோ), கோடெக் எனப்படும் சுருக்கி விரிக்கும் முறையின் பெயரோ நேரடியாக அதைத் தீர்மானிப்பதில்லை. எச்.264க்குப் பதிலாக எச்.265ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு பிட்ரேட்டை அப்படியே 20 மெகாபிட்டில் விட்டுவைத்தால், வெளிவரும் கோப்பு முன்பிருந்த அளவிலேயே இருக்கும். புதிய கோடெக், குறைந்த பிட்ரேட்டில் அதே தரத்தைத் தர வல்லது. அந்த பிட்ரேட்டைக் குறைக்கும் வேலை எடிட்டருடையது. விலைப்பட்டியலில் ‘4கே வீடியோ’ என்று மட்டும் எழுதுவதும் இதே காரணத்தால் பொருளற்றதாகிறது. 10 மெகாபிட்டில் நெருக்கப்பட்ட 4கேயைவிட, தாராளமான பிட்ரேட்டில் கொடுக்கப்பட்ட முழு எச்டி பல காட்சிகளில் மேலானது. வாடிக்கையாளரிடம் இதை வெளிப்படையாகச் சொல்வது தொழிலுக்கும் நல்லது.

கண்டெய்னர் வேறு, கோடெக் வேறு

எம்பி4, எம்ஓவி, எம்கேவி, எம்எக்ஸ்எஃப் ஆகியவை கண்டெய்னர்கள். எச்.264, எச்.265, ஏவி1, புரோரெஸ் ஆகியவை கோடெக்குகள். கண்டெய்னர் ஒரு டிபன் கேரியரைப் போன்றது: ஓர் அடுக்கில் வீடியோ, இன்னோர் அடுக்கில் ஒலி, மற்றோர் அடுக்கில் வசன வரிகள். உள்ளே என்ன சமையல் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது. எம்ஓவி என்ற பெயருள்ள இரண்டு கோப்புகளில் ஒன்றில் எச்.264உம் மற்றொன்றில் புரோரெஸும் இருக்கலாம். முதலாவதை எடிட் செய்யும்போது கணினி திணறும், இரண்டாவது சரளமாக ஓடும். ‘எம்பி4ஆக மாற்றிக் கொடுங்கள்’ என்று ஒருவர் கேட்டால், உள்ளே எந்தக் கோடெக் தேவை என்று திருப்பிக் கேட்டாக வேண்டும்.

கோடெக்குகளின் வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீடியோ சிடி காலத்து எம்பெக்-1, டிவிடி காலத்து எம்பெக்-2 ஆகியவற்றுக்குப் பின் 2003இல் எச்.264 வந்தது, இன்றும் எந்தக் கருவியிலும் ஓடும் என்று நம்பத்தக்கது அதுவே. 2013இல் எச்.265, 2018இல் ஏவி1, 2020இல் எச்.266 ஆகியவை வந்தன. இவை அனைத்தும் கீழே விளக்கப்படும் அதே அடிப்படைகளையே மேலும் நுட்பமாகச் செய்கின்றன.

சுருக்கம் நடக்கும் படிகள்

1. நிறத் தகவலைக் குறைத்தல். மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டை மந்தமாகவும் உணர்கிறது. எனவே சிவப்பு, பச்சை, நீலம் என்ற வடிவில் இருக்கும் படத்தை முதலில் ஒரு வெளிச்சத் தளமாகவும் இரண்டு நிறத் தளங்களாகவும் பிரிக்கிறார்கள். வெளிச்சத் தளம் முழு அளவில் வைக்கப்படுகிறது. நிறத் தளங்கள் சிறிதாக்கப்படுகின்றன. 4:4:4 என்றால் எதுவும் குறைக்கப்படவில்லை. 4:2:2 என்றால் நிறத் தளங்கள் குறுக்கே பாதியாக்கப்பட்டுள்ளன. 4:2:0 என்றால் குறுக்கும் நெடுக்கும் பாதி, அதாவது 1920 × 1080 படத்தில் நிறம் 960 × 540 அளவில் மட்டுமே இருக்கிறது. இதனாலேயே தரவு சரிபாதியாகக் குறைந்துவிடுகிறது. யூடியூப், டிவி, கைப்பேசி ஆகியவற்றில் நாம் காணும் வீடியோ பெரும்பாலும் 4:2:0 வகையே.

இழப்பு எங்கே தெரியும் என்பதற்கு மதுரையிலேயே நல்ல சான்று இருக்கிறது. சுங்குடிச் சேலையில் முடிச்சிட்டுச் சாயமேற்றியதால் உண்டாகும் சிறு புள்ளிகள், தூரத்திலிருந்து எடுத்த காட்சியில் இரண்டு மூன்று பிக்சல் அகலமே பெறுகின்றன. வெளிச்சத் தளம் முழு அளவில் இருப்பதால் புள்ளி இருப்பது தெரியும். ஆனால் நிறத் தளத்தில் அண்டையிலுள்ள நான்கு இடங்களுக்கு ஒரே மதிப்பு வைக்கப்படுவதால், வெண்புள்ளியின் மேல் அரக்குச் சிவப்பு படர்ந்து கறை போல் ஆகிவிடும். சிவப்புப் பின்னணியில் பெயர் எழுதும்போது எழுத்தோரங்கள் ரம்பப் பல்லாகத் தெரிவதும் இதனால்தான். பச்சைத் திரை வைத்துப் பின்னணியை நீக்கும் வேலைக்கு 4:2:2 பதிவை வலியுறுத்துவதற்கும் இதுவே காரணம். தலைமுடியின் ஓரத்தைப் பிரித்தெடுக்கத் தேவையான நிறத் தகவல் 4:2:0இல் பாதி இல்லை.

2. ஃபிரேமுக்குள்ளேயே கணித்தல். ஒவ்வொரு ஃபிரேமும் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. எச்.264இல் அடிப்படைக் கட்டம் 16 × 16 புள்ளிகள் கொண்டது. ஒரு முழு எச்டி ஃபிரேமில் 8160 கட்டங்கள் அமைகின்றன. எச்.265இல் கட்டம் 64 × 64 வரை பெரிதாகலாம் என்பதால், வெறும் வானம் போன்ற பரப்புகளை அது மிகக் குறைந்த செலவில் முடித்துவிடுகிறது. ஒரு கட்டத்துக்கு இடப்புறமும் மேற்புறமும் உள்ள கட்டங்கள் முன்பே பதிவாகியிருப்பதால், அவற்றின் ஓரப் புள்ளிகளைக் கொண்டு இந்தக் கட்டம் எப்படி இருக்கும் என்று கணித்து, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதுகிறது கோடெக்.

3. ஃபிரேம்களுக்கிடையே அசைவைக் கணித்தல். சுருக்கத்தின் பெரும்பங்கு இங்கேதான் நிகழ்கிறது. அடுத்தடுத்த ஃபிரேம்களில் பெரும்பகுதி மாறுவதில்லை. மாறினாலும் பெரும்பாலும் இடம் பெயர்ந்திருக்குமே தவிர புதிதாக இருக்காது. எனவே ஒவ்வொரு கட்டத்துக்கும், அதைப் போன்ற கட்டம் முந்தைய ஃபிரேமில் எங்கே இருந்தது என்று தேடி, ‘அந்த இடத்திலிருந்து ஐந்து புள்ளி வலப்பக்கம், இரண்டு புள்ளி மேலே’ என்பது போன்ற ஓர் இடப்பெயர்ச்சிக் குறிப்பை மட்டும் எழுதிவைக்கிறது. இதற்கு மோஷன் வெக்டர் என்று பெயர்.

இந்த அடிப்படையில் ஃபிரேம்கள் மூன்று வகைப்படும். ஐ-ஃபிரேம் வேறு எதையும் சாராமல் தன்னளவில் முழுமையானது. பி-ஃபிரேம் (P) தனக்கு முன் உள்ளதைச் சார்ந்தது. தமிழில் அதே எழுத்தாக ஒலிப்பதால் ‘பை’ என்று பலுக்கிப் பிரித்துக் காட்ட வேண்டிய மூன்றாவது வகை (B), அதாவது இருதிசை ஃபிரேம், முன்னும் பின்னும் உள்ள இரண்டையும் சார்ந்தது. இதற்கே செலவு மிகக் குறைவு. ஓர் ஐ-ஃபிரேம் தொடங்கி அடுத்த ஐ-ஃபிரேமுக்கு முன்பு வரையுள்ள தொகுதிக்கு ஜிஓபி என்று பெயர்.

4. அதிர்வெண் மாற்றமும் குவாண்டைசேஷனும். கணிப்புக்குப் பின் எஞ்சும் வேறுபாடு, புள்ளி மதிப்புகளாக இருப்பதிலிருந்து அதிர்வெண்களாக மாற்றப்படுகிறது. மெதுவாக மாறும் பரப்புகள் குறைந்த அதிர்வெண்ணாகவும், துணியின் நெசவு, மணல், முடி போன்ற நுணுக்கங்கள் உயர்ந்த அதிர்வெண்ணாகவும் பிரிகின்றன. இதற்கு அடிப்படையான டிசிடி என்னும் கணித முறையை 1974இல் வெளியிட்ட மூவர் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். பெங்களூரில் பிறந்த நசீர் அகமதும் அவருடன் உழைத்த இருவரும் உருவாக்கிய அந்த முறை இல்லாமல் இன்றைய ஜேபெக் படமோ, டிஜிட்டல் தொலைக்காட்சியோ இந்த வடிவில் இருந்திருக்காது. வீடியோ தொழிலில் இருக்கும் நாம் இப்பெயர்களை நன்றியோடு நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இந்த மாற்றத்தால் மட்டும் எதுவும் இழக்கப்படுவதில்லை. இழப்பு குவாண்டைசேஷன் என்னும் அடுத்த செயலில் நிகழ்கிறது. கிடைத்த எண்கள் ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்து முழு எண்ணாக்குகிறார்கள். வகுக்கும் எண் 10 என்று கொள்வோம். 37 என்ற மதிப்பு 4 ஆகி, திரும்ப விரிக்கும்போது 40 ஆக வருகிறது, சிறு பிழை. 4 என்ற மதிப்போ 0 ஆகிவிடுகிறது; திரும்ப விரித்தாலும் 0தான். நெசவும் முடியும் மணலும் பெரும்பாலும் இத்தகைய சிறு மதிப்புகளாகவே இருப்பதால், அவை முதலில் மறைகின்றன. எச்.264, எச்.265 இரண்டிலும் இதற்கான அளவுகோல் 0 முதல் 51 வரை செல்கிறது. அது ஆறு படி ஏறும்போதெல்லாம் வகுக்கும் எண் இரட்டிப்பாகிறது. பிட்ரேட் போதாதபோது கோடெக் செய்வது இந்த எண்ணை உயர்த்துவதுதான். அது மிகவும் உயர்ந்தால் ஒரு கட்டத்தின் நுணுக்கம் முழுதும் பூஜ்யமாகி, சராசரி நிறம் மட்டும் எஞ்சுகிறது. நாம் திரையில் காணும் ‘கட்டம்’ அப்படி எஞ்சியதே.

5. இறுதியாக, அடிக்கடி வரும் மதிப்புகளுக்குக் குறுகிய குறியீடும் அரிதாக வருபவற்றுக்கு நீண்ட குறியீடும் கொடுத்துப் பிட்களை மேலும் குறைக்கிறார்கள். இதில் தர இழப்பு இல்லை.

கோபுரமும் தண்ணீரும்

இப்போது தொடக்கக் கேள்விக்கு விடை கூறலாம். தெற்குக் கோபுரத்தில் நுணுக்கங்கள் ஏராளம் என்பதால் அக்காட்சியின் ஐ-ஃபிரேம் மிகப் பெரியதாக இருக்கும். ஆனால் கேமரா மெதுவாக மேலே நகரும்போது எல்லாச் சிற்பங்களும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் கீழிறங்குகின்றன. அடுத்த ஃபிரேமின் கட்டங்கள் முந்தைய ஃபிரேமில் அப்படியே கிடைத்துவிடுவதால் இடப்பெயர்ச்சிக் குறிப்புகளே போதும். மிச்சமாகும் பிட்கள் நுணுக்கத்தைக் காக்கப் பயன்படுகின்றன.

பீய்ச்சும் நீரில் இது நடப்பதில்லை. ஒரு நீர்த்துளி அடுத்த ஃபிரேமில் வேறு இடத்தில், வேறு வடிவில், வேறு ஒளியில் இருக்கிறது, அல்லது இல்லாமலே போய்விடுகிறது. திரளின் ஒவ்வொரு கையும் வெவ்வேறு திசையில் அசைகிறது. காலை வெயில் துளிகளில் பட்டு மின்னுவதால் வெளிச்சமும் நொடிக்கு நொடி மாறுகிறது. தேடிய கட்டம் முந்தைய ஃபிரேமில் கிடைக்காதபோது, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாடு படத்தின் அளவுக்கே பெரிதாகி, ஒவ்வொரு ஃபிரேமும் ஏறக்குறைய ஐ-ஃபிரேம் அளவுக்குப் பிட் கேட்கிறது. ஒதுக்கப்பட்ட பிட்ரேட்டோ மாறவில்லை. விளைவாக வகுக்கும் எண் உயர்கிறது. துளிகளோடு சேர்த்து, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் முகங்களின் நுணுக்கமும் அழிகிறது.

அலங்காநல்லூர் வாடிவாசலில் எழும் புழுதி, மணமேடையில் அட்சதை விழும் நொடி, மேடைப் புகை, மின்னி மின்னி எரியும் சீரியல் விளக்குகள் ஆகிய அனைத்தும் இதே வகையைச் சேர்ந்தவை. கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) உயர்த்தி இருட்டில் எடுத்த காட்சியில் தோன்றும் இரைச்சல் புள்ளிகளும் அப்படியே. அவை ஃபிரேமுக்கு ஃபிரேம் முற்றிலும் வேறானவை என்பதால், பார்ப்பவருக்குத் தேவையற்ற ஒன்றுக்காகக் கோடெக் தன் பிட்களைச் செலவழிக்கிறது. இரவுக் காட்சிகளில் எக்ஸ்போர்ட்டுக்கு (இறுதிக் கோப்பாக வெளியெடுப்பதற்கு) முன் இரைச்சலை மிதமாகக் குறைப்பது தோற்றத்துக்காக மட்டும் செய்யப்படும் வேலை அன்று என்பது இதிலிருந்து விளங்கும்.

எடிட்டிங்கில் கணினி திணறுவது ஏன்

கேமராக்கள் இடத்தைச் சேமிக்க நீண்ட ஜிஓபி கொண்ட எச்.264 அல்லது எச்.265இல் பதிவு செய்கின்றன. இந்தக் கோப்பை டைம்லைனில் வைத்து, ஜிஓபியின் நடுவில் உள்ள ஒரு ஃபிரேமைச் சொடுக்கினால், கணினி அந்த ஒரு ஃபிரேமை மட்டும் எடுத்துக் காட்ட முடியாது. அதற்கு முன்னுள்ள ஐ-ஃபிரேமிலிருந்து தொடங்கி, இடையில் சார்ந்திருக்கும் அனைத்தையும் விரித்தாக வேண்டும். பின்னோக்கி ஓட்டினால் இந்த வேலை இன்னும் கூடுகிறது. தாலி கட்டும் நேரத்தை மூன்று நான்கு கேமராக்களின் கோணங்களில் ஒருசேர ஓடவிட்டுத் தேர்ந்தெடுக்கும்போது, அத்தனை கோப்புகளும் ஒரே நேரத்தில் விரிக்கப்பட வேண்டும். கோப்பு சிறிதாக இருப்பதால் கணினிக்கு வேலை குறைவு என்று எண்ணுவது நேர்மாறானது; எவ்வளவு இறுக்கமாகச் சுருக்கப்பட்டதோ அவ்வளவு கணக்கீடு விரிக்கத் தேவை.

இதற்கென்றே உருவானவை ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சுருக்கும் இடைநிலைக் கோடெக்குகள். ஆவிட் நிறுவனம் 2004இல் டிஎன்எக்ஸ்எச்டியையும், ஆப்பிள் நிறுவனம் 2007இல் புரோரெஸையும் வெளியிட்டன. நொடிக்கு 25 ஃபிரேம் கொண்ட முழு எச்டியில் புரோரெஸ் 422 சுமார் 122 மெகாபிட்டும், எச்கியூ வகை சுமார் 184 மெகாபிட்டும், புராக்ஸி வகை சுமார் 38 மெகாபிட்டும் எடுத்துக்கொள்கின்றன. அதாவது மணிக்கு முறையே 55, 83, 17 ஜிபி. கணினியின் உழைப்பு குறைகிறது. அதற்கு விலையாக ஹார்ட் டிஸ்க் இடத்தைக் கொடுக்கிறோம்.

சிறு ஸ்டூடியோக்களுக்குப் புராக்ஸி முறையே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. மூலக் கோப்புகளைத் தொடாமல் வைத்துவிட்டு, அவற்றின் சிறிய பிரதிகளை உருவாக்கி, எடிட்டிங் முழுவதையும் அவற்றில் செய்துவிட்டு, எக்ஸ்போர்ட் நேரத்தில் மட்டும் மூலத்துக்குத் திரும்புவது இம்முறை. பிரீமியர், டாவின்சி ரிசால்வ், ஃபைனல் கட் மூன்றிலும் இந்த வசதி உள்ளது. புதிய கணினி வாங்கக் கடன் எடுப்பதற்கு முன் இதைச் செய்துபார்க்க வேண்டும்.

கணினி வாங்குவோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. எச்.264, எச்.265 கோப்புகளை விரிப்பதற்கென்றே செயலியிலும் கிராஃபிக்ஸ் கார்டிலும் தனிச் சுற்று இருக்கிறது. ஆனால் அது எல்லா நிற வடிவங்களையும் ஏற்பதில்லை. இன்றைய கேமராக்கள் தரும் 10 பிட் 4:2:2 எச்.265 கோப்புகளை இன்டெல் செயலிகளில் உள்ள குவிக் சிங்க் என்னும் தனிச் சுற்று சில தலைமுறைகளாகவே விரிக்கிறது; ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளும் விரிக்கின்றன; என்விடியா நிறுவனமோ 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் இதைச் சேர்த்தது. விலையுயர்ந்த பழைய கார்டு இருந்தும் குறிப்பிட்ட கேமராவின் கோப்பு மட்டும் திணறுவதாகச் சொல்பவர்கள், முதலில் நிற வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

8 பிட்டும் 10 பிட்டும்

8 பிட்டில் ஒரு தளத்துக்கு 256 படிநிலைகள்; 10 பிட்டில் 1024. திருமலை நாயக்கர் மகாலின் வெளிறிய தூண்களில் ஒன்றின் மேல் ஒளி மெல்லக் குறைந்துகொண்டே போவதை நினைத்துப் பாருங்கள். திரையின் அகலம் முழுவதையும் நிறைக்கும் அந்தப் பரப்பில் வெளிச்சம் 20 படிகளே மாறுகிறது என்றால், 1920 புள்ளிகளுக்கு 20 பட்டைகள், ஒவ்வொன்றும் சுமார் 96 புள்ளி அகலம். இப்பட்டைகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அகலமானவை. லாக் முறையில், அதாவது பின்னர் நிறம் திருத்துவதற்காக மாறுபாட்டைக் (கான்ட்ராஸ்ட்) குறைத்துப் பதிவு செய்து, கிரேடிங் என்னும் நிறத் திருத்தத்தில் அதை மூன்று மடங்கு உயர்த்தினால், அடுத்தடுத்த படிகளுக்கிடையே மூன்று மடங்கு இடைவெளி விழுந்து பட்டைகள் மேலும் கடுமையாகின்றன. 10 பிட்டில் அதே பரப்புக்கு நான்கு மடங்கு படிகள் இருப்பதால் இழுத்துத் தாங்கும். எனவே லாக் முறையில் எடுக்க விரும்புவோர் 10 பிட் உள்ள கேமராவில் மட்டுமே எடுக்க வேண்டும். 8 பிட் கேமராவில் சாதாரண நிற அமைப்பே பாதுகாப்பானது.

எக்ஸ்போர்ட் அமைப்புகள்

பிட்களை எப்படிப் பங்கிடுவது என்பதில் மூன்று வழிகள் உள்ளன.

1. சிபிஆர்: ஒவ்வொரு நொடிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. நேரலைக்குப் பொருத்தமானது. கோப்பாகக் கொடுப்பதற்கு வீண்.

2. விபிஆர்: எளிய காட்சிக்குக் குறைவாகவும் கடினமான காட்சிக்கு அதிகமாகவும் பங்கிடுவது. இரண்டு சுற்று முறையில், முதல் சுற்றில் படம் முழுவதையும் ஆராய்ந்து, எந்த இடம் கடினம் என்று குறித்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் பங்கிடுகிறது. மேடையில் வரிசையாக நின்று பரிசு கொடுக்கும் நீண்ட காட்சிகளில் மிச்சமாவது அட்சதை விழும் நொடிகளுக்குப் போய்ச் சேருவதால், திருமண வீடியோவுக்கு இதுவே ஏற்றது.

3. சிஆர்எஃப்: தரத்தை நிலையாக வைத்து, அளவைக் கோடெக்கின் முடிவுக்கு விடுவது. எச்.264 கோப்புகளை உருவாக்கும் எக்ஸ்264 என்னும் மென்பொருளில் இயல்பு மதிப்பு 23. எண் குறையக் குறையத் தரம் கூடும். இறுதி அளவு முன்கூட்டித் தெரியாது என்பதே இதன் ஒரே குறை.

கிராஃபிக்ஸ் கார்டைக் கொண்டு எக்ஸ்போர்ட் செய்தால் வேகம் கிடைக்கும்; அதே பிட்ரேட்டில், மெதுவான மென்பொருள் குறியாக்கம் பொதுவாகச் சற்று மேலான தரம் தரும். அவசர முன்னோட்டத்துக்கு முன்னதையும், இறுதிப் பிரதிக்குப் பின்னதையும் பயன்படுத்தலாம்.

யூடியூப்பைப் பொறுத்தவரை, நாம் ஏற்றும் கோப்பு அப்படியே பார்வையாளருக்குப் போவதில்லை; அங்கே மறுபடியும் சுருக்கப்படுகிறது. முழு எச்டி, 25 ஃபிரேமுக்கு 8 மெகாபிட், 4கேக்கு 35 முதல் 45 மெகாபிட் என்பது யூடியூப்பின் பரிந்துரை. மறுசுருக்கம் இருப்பதால் இதைவிடத் தாராளமாகக் கொடுப்பதில் தவறில்லை. உயர் ரெசல்யூஷன்களுக்கு யூடியூப் விபி9 போன்ற திறன்மிக்க கோடெக்கையும் கூடுதல் பிட்ரேட்டையும் அளிப்பதால், முழு எச்டியில் எடிட் செய்த திருவிழாப் படத்தையும் 4கே அளவில் எக்ஸ்போர்ட் செய்து ஏற்றினால் தண்ணீர்க் காட்சிகள் குறைவாக உடைகின்றன. புதிய நுணுக்கம் எதுவும் சேர்வதில்லை. யூடியூப் ஒதுக்கும் பிட்கள் மட்டுமே கூடுகின்றன.

மறுபடி மறுபடி சுருக்குவதால் வரும் இழப்பு

ஒவ்வொரு முறை விரித்து மீண்டும் சுருக்கும்போதும், குவாண்டைசேஷன் இன்னொரு முறை நடக்கிறது. முதல் சுருக்கத்தில் உண்டான கட்டங்களின் ஓரங்களை அடுத்த சுருக்கம் உண்மையான நுணுக்கம் என்று எண்ணி, அவற்றைக் காக்கப் பிட்களைச் செலவிடுகிறது. எனவே முடிந்த படத்தை எச்.264இல் எடுத்து, பாட்டு சேர்ப்பதற்காக அதையே மறுபடி டைம்லைனில் போட்டு, மீண்டும் எச்.264இல் எடுக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். திருத்தம் வரக்கூடும் என்றால் புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆரில் (டிஎன்எக்ஸ்எச்டியின் உயர் ரெசல்யூஷன் வடிவம்) ஒரு மாஸ்டர் பிரதி எடுத்து வைத்து, அதிலிருந்தே மற்ற எல்லாப் பிரதிகளையும் உருவாக்குவது முறை.

உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் காட்சிகள் ஏற்கெனவே ஒருமுறை கடுமையாகச் சுருக்கப்பட்டவை. அவற்றை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் மூலக் கோப்பே வந்து சேரும். கைப்பேசிக் காட்சிகளில் இன்னொரு தொல்லை, ஃபிரேம் வேகம் நிலையாக இல்லாதது. வெளிச்சம் குறையும்போது கைப்பேசி தானாகவே நொடிக்கான ஃபிரேம்களைக் குறைத்துக்கொள்வதால், நீண்ட காட்சியில் நாதஸ்வர ஒலியும் விரல் அசைவும் மெல்ல மெல்லப் பிரிந்துவிடும். டைம்லைனில் வைப்பதற்கு முன், ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

வாடிக்கையாளர் கைக்குப் போகும் பிரதி

இங்கே தரத்தைவிட, எங்கும் ஓடுவதே முதன்மை. 10 பிட்டும் 4:2:2உம் வீட்டு டிவிகள் பலவற்றில் எச்.264இல் ஓடாது. எச்.265 கோப்பைத் திறக்க விண்டோஸ் கணினி தனியாக ஒரு நீட்சியைக் கேட்கும். ஆகவே எம்பி4, எச்.264, 8 பிட், 4:2:0, ஏஏசி ஒலி என்பதே கையில் கொடுப்பதற்குரிய அமைப்பு.

பென்டிரைவின் வடிவமைப்பையும் பார்க்க வேண்டும். ஃபேட்32 வடிவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 8 மெகாபிட் பிட்ரேட்டில் சுமார் 70 நிமிடத்தில் அந்த வரம்பு வந்துவிடும். எக்ஸ்ஃபேட் வடிவில் இந்தத் தடை இல்லை. ஆனால் பழைய டிவிகள் சில அதைப் படிப்பதில்லை. வாடிக்கையாளர் வீட்டில் எந்த டிவி இருக்கிறது என்று தெரியாதபோது, பெண் அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று படத்தைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 4 ஜிபிக்குள் அடங்கும்படி எக்ஸ்போர்ட் செய்து, ஃபேட்32 பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால், பழைய டிவியிலும் தடையின்றி ஓடும்.